முன்னாள் படைவீரர் முன்னுரிமை மறுக்கப்பட்டால்: அமெரிக்க மத்திய அரசுப் பணிகளுக்கான மேல்முறையீடு

வைகைக்கரை, ஏப்ரல் 20

மன்றத்தார் அனைவருக்கும் வணக்கம். நான் 2014ஆம் ஆண்டில் குடியுரிமை இல்லாதவர்களை மொழியறிவுக்காகப் படையில் சேர்த்த மாவ்னி திட்டத்தின்கீழ் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்தேன். அத்திட்டம் ஏற்றுக்கொண்ட மொழிகளில் தமிழும் ஒன்றாக இருந்ததால்தான் எனக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. நான்கு ஆண்டுகள் முழுநேரப் பணி செய்தேன். அதில் ஒன்பது மாதங்கள் ஆப்கானிஸ்தானில் இருந்தேன். முழங்காலிலும் செவியிலும் ஏற்பட்ட பாதிப்புக்காக முன்னாள் படைவீரர் நலத்துறை எனக்கு 30 சதவீத ஊனம் என்று மதிப்பிட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறது.

சென்ற குளிர்காலத்தில் மத்திய அரசுத் துறை ஒன்றில் ஜி.எஸ். 11 என்ற ஊதிய நிலையில் தளவாட மேலாண்மைப் பணிக்கு, பொதுமக்கள் அனைவருக்கும் திறந்திருந்த அறிவிப்பின் வழியாக விண்ணப்பித்தேன். மார்ச் 3 அன்று வந்த மின்னஞ்சல், நான் அடிப்படைத் தகுதி பெற்றவன் என்றும், ஆனால் தேர்வு அதிகாரிக்கு அனுப்பப்பட்ட பட்டியலில் என் பெயர் இடம்பெறவில்லை என்றும் கூறியது. 30 சதவீத ஊனமுற்ற முன்னாள் படைவீரர் தகுதி பெற்றால் பட்டியலின் உச்சியில் இருக்க வேண்டும் என்று உடன் பணியாற்றியவர்கள் சொல்கிறார்கள். மனிதவளப் பிரிவுக்கு இருமுறை எழுதியும் பதில் இல்லை. இதை எங்கே, எப்படி முறையிடுவது என்று அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பழையபாசறை, ஏப்ரல் 20

தம்பி, முதலில் நாட்களை எண்ணுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசுவோம்.

1998ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, முன்னுரிமை மீறப்பட்டதாகக் கருதும் நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழிலாளர் துறையின் முன்னாள் படைவீரர் வேலைவாய்ப்புப் பயிற்சிப் பிரிவில் எழுத்து வடிவில் புகார் கொடுத்தாக வேண்டும். அதற்கென 1010 என்ற எண்ணுள்ள படிவம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. மார்ச் 3ஐத் தொடக்கமாகக் கொண்டால் மே 2 அன்று உங்கள் காலக்கெடு முடிகிறது. இன்று 48ஆம் நாள். மனிதவளப் பிரிவு பதில் அனுப்பட்டும் என்று காத்திருப்பதால் அந்தக் கெடு ஒரு நாள்கூட நீளாது.

புகாரை விசாரித்துத் தீர்த்துவைக்கத் தொழிலாளர் துறைக்கு 60 நாட்கள் உண்டு. அதற்குள் தீராவிட்டால், 61ஆம் நாள் முதல் நீங்கள், மத்திய அரசுப் பணி தொடர்பான மேல்முறையீடுகளைக் கேட்கும் தகுதிமுறைப் பாதுகாப்பு வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் தொழிலாளர் துறை தன் முடிவை எழுத்தில் தெரிவித்துவிட்டால், அந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாட்கள் மட்டுமே உண்டு. தொழிலாளர் துறையைத் தாண்டி நேராக வாரியத்துக்குப் போனால் மனுவை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், என்னுடைய வழக்கு அந்த 15 நாள் படியில்தான் விழுந்தது. கடிதம் வந்தபோது என் தாயார் மருத்துவமனையில் இருந்தார். வீட்டார் அதை வாங்கிக் குளிர்பதனப் பெட்டியின் மேல், மளிகைச் சீட்டுகளோடு சேர்த்து வைத்துவிட்டார்கள். நான் அதைப் பிரித்தபோது ஒன்பது நாள் ஆகியிருந்தது. வாரியத்துக்கான மனுவை 17ஆம் நாளில் அனுப்பினேன். என்னுடைய சான்றுகள் நல்லவை என்றே இன்றும் நம்புகிறேன். அவற்றை ஒருவரும் பிரித்துப் பார்க்கவே இல்லை.

நெய்தல், ஏப்ரல் 21

ஐயா, இத்தகைய நேர்வுகளில் காலதாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் வாரியத்துக்கு இல்லையா? எங்கோ ஒரு தீர்ப்பில் அப்படி வாசித்த நினைவு.

பழையபாசறை, ஏப்ரல் 21

இருக்கிறது, சகோதரி. நீங்கள் நினைப்பது கிர்கெண்டால் வழக்கு. மூளைப் பாதிப்புடைய, நூறு சதவீத ஊனமுற்ற ஒரு முன்னாள் படைவீரர், ஃபோர்ட் பிராக் படைத்தளத்தில் ஒரு பணிக்கு விண்ணப்பித்துக் கிடைக்காமல், காலங்கடந்து புகார் கொடுத்தார். 2007இல் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, 60 நாள் கெடு, 15 நாள் கெடு இரண்டுமே நியாயமான காரணம் இருந்தால் தளர்த்தத்தக்கவை என்று தீர்ப்பளித்தது. இவ்வகை மேல்முறையீடுகளில் விசாரணை கோரும் உரிமை உண்டு என்பதையும் அதே தீர்ப்புதான் நிலைநாட்டியது.

ஆனால் தளர்த்தலாம் என்பதும் தளர்த்துவார்கள் என்பதும் வேறு வேறு. முறையீட்டாளரின் சக்திக்கு மீறிய தடை இருந்ததா, அவர் தம்மால் இயன்ற முயற்சியைச் செய்தாரா என்று பார்ப்பார்கள். கடிதத்தைப் பிரித்த பிறகும் எனக்கு ஆறு நாள் மிச்சம் இருந்தது என்று எதிர்த்தரப்பு சொன்னபோது என்னிடம் மறுமொழி இல்லை. ஆகவே தளர்வை நம்பி ஒருவரும் நாளைத் தவறவிடக் கூடாது.

அகல்விளக்கு, ஏப்ரல் 22

நான் மத்திய அரசில் இருபத்தோர் ஆண்டுகள் பணியாளர் தேர்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். வைகைக்கரை அவர்களுக்கு உள்ளிருந்து பார்த்தவள் என்ற முறையில் சில சொல்கிறேன்.

பலர் முன்னுரிமை என்றாலே ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் என்று பேசுகிறார்கள். அது நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டுத் தரவரிசைப்படுத்திய முறையில் பொருந்தும். இப்போது பெரும்பாலான துறைகள் விண்ணப்பதாரர்களை மதிப்பெண் வரிசையில் அடுக்காமல், மிகச்சிறந்த தகுதி, நல்ல தகுதி, தகுதி என்று வகைகளாகப் பிரிக்கின்றன. அங்கே மதிப்பெண் கூட்டப்படுவதில்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு வகையிலும் முன்னுரிமை உடையவர்களின் பெயர்கள் மற்றவர்களுக்கு மேலே வைக்கப்படுகின்றன. பணித்தொடர்பான ஊனம் 10 சதவீதமோ அதற்கு மேலோ உடையவர்கள் அடிப்படைத் தகுதி பெற்றிருந்தால் போதும்; அவர்கள் மிக உயர்ந்த வகைக்கே ஏற்றப்பட வேண்டும். ஜி.எஸ். 9க்கும் அதற்கு மேலும் உள்ள அறிவியல், தொழில்சார் பணிகளுக்கு மட்டும் இந்த ஏற்றம் கிடையாது. தளவாட மேலாண்மை அந்த விலக்கில் வராது.

ஆகவே, தகுதி பெற்றவர் என்றும் பட்டியலில் இல்லை என்றும் ஒரே மின்னஞ்சலில் உங்களுக்கு எழுதியிருக்கிறார்கள் என்றால், அந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அப்படி நேர்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணந்தான் இருக்கும்: உங்கள் முன்னுரிமைக் குறியீட்டைத் தவறாகப் பதிந்திருக்கிறார்கள். 30 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவருக்கு சி.பி.எஸ். என்ற மூன்றெழுத்துக் குறியீடு. ஊனமில்லாத ஐந்து மதிப்பெண் முன்னுரிமைக்கு டி.பி. என்ற ஈரெழுத்து. டி.பி. என்று பதிந்துவிட்டால், நீங்கள் விண்ணப்பத்தோடு நிரப்பிய கேள்வித்தாளில் பெற்ற வகையிலேயே நின்றுவிடுவீர்கள்.

மூன்று ஆவணங்களை இன்றே எடுத்துப் பாருங்கள். ஒன்று, டி.டி. 214 விடுவிப்புச் சான்று. அதில் உறுப்பினர் 1 என்று அச்சிட்ட சுருக்கப் படி வேண்டாம். உறுப்பினர் 4 என்ற முழுப் படியே வேண்டும், ஏனெனில் பணிநன்னடத்தை குறிக்கப்படும் பெட்டிகள் சுருக்கப் படியில் இருப்பதில்லை. இரண்டு, நலத்துறையின் ஊன மதிப்பீட்டுக் கடிதம். சதவீதம் தெளிவாகத் தெரியும் பக்கம் பதிவேற்றப்பட்டதா என்று பாருங்கள். மூன்று, பத்து மதிப்பெண் முன்னுரிமை கோரும் எஸ்.எஃப். 15 படிவம். நீங்கள் என்ன பதிவேற்றினீர்களோ அதைப் பொறுத்தே உங்கள் வழக்கு நிற்கும் அல்லது விழும்.

வைகைக்கரை, ஏப்ரல் 22

அம்மா, மிக்க நன்றி. நேற்றிரவு யூ.எஸ்.ஏ.ஜாப்ஸ் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் என் விண்ணப்பத்தைத் திறந்து ஒவ்வொரு கோப்பாகப் பார்த்தேன். டி.டி. 214 முழுப் படிதான். வலது கீழ் மூலையில் உறுப்பினர் 4 என்று இருக்கிறது. எஸ்.எஃப். 15 இருக்கிறது. நலத்துறைக் கடிதம் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் முகவரியும் வாழ்த்துமே இருக்கின்றன, 30 சதவீதம் என்ற வரி இரண்டாம் பக்கத்தின் நடுவில் வருகிறது. இரண்டு பக்கங்களையும் ஒரே கோப்பாகத்தான் ஏற்றியிருக்கிறேன். பதிவேற்றிய நேரத்தைக் காட்டும் திரையையும் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

எதிர்க்கேள்வி, ஏப்ரல் 23

இந்த இழையில் நான் சற்று மாறுபட வேண்டியிருக்கிறது. யாரையும் புண்படுத்தும் எண்ணம் இல்லை. என் மனைவி முதுகலைப் பட்டமும் பத்தாண்டு அனுபவமும் உடையவர். மத்திய அரசுப் பணிக்கு நான்குமுறை விண்ணப்பித்தும் அவரால் பட்டியலைத் தாண்ட முடியவில்லை. அடிப்படைத் தகுதி மட்டுமே உள்ள ஒருவரை மிக உயர்ந்த வகைக்கு ஏற்றுவது, திறமையின் அடிப்படையில் அரசுப் பணி என்ற கொள்கைக்கு ஒத்துவருகிறதா? படையில் சேரும் வாய்ப்பே நெடுங்காலம் பெண்களுக்குக் குறைவாக இருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அகல்விளக்கு, ஏப்ரல் 23

உங்கள் மனைவியின் ஏமாற்றம் உண்மையானது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். பெண்களைப் பற்றிய இந்தக் கேள்வி 1979இல் உச்ச நீதிமன்றம்வரை போனது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியரான ஹெலன் ஃபீனி என்பவர் தேர்வுகளில் உயர்ந்த மதிப்பெண் பெற்றும் முன்னாள் படைவீரர்களுக்குக் கீழே தள்ளப்பட்டார். அம்மாநிலத்தின் சட்டம் முன்னாள் படைவீரர்களை வாழ்நாள் முழுவதும் எல்லோருக்கும் மேலே வைத்தது. அன்று அங்கிருந்த முன்னாள் படைவீரர்களில் 98 சதவீதத்துக்கு மேல் ஆண்கள். இருந்தும், பெண்களுக்குத் தீங்கு செய்யும் நோக்கத்தோடு அச்சட்டம் இயற்றப்படவில்லை என்று கூறி நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு மனநிறைவு இல்லை.

ஆனால் 1944இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட மத்தியச் சட்டத்துக்கு ஒரு காரணம் உண்டு. போருக்குப் போனவர்கள் தங்கள் தொழில்வாழ்க்கையின் முக்கியமான ஆண்டுகளை இழந்து திரும்பினார்கள்; ஊனமுற்றவர்கள் அதற்கும் மேலாக இழந்தார்கள். அந்தச் சட்டம் சரியா என்பது நாடாளுமன்றத்தில் வாதிட வேண்டிய விஷயம். சட்டம் இருக்கும்வரை அதை ஒரு எழுத்தர் தவறாகப் பதிந்துவிட்டுப் போவதை ஏற்க முடியாது.

நெய்தல், ஏப்ரல் 24

முன்னுரிமை படைவீரருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். பணியில் ஏற்பட்ட ஊனத்தால் வேலை செய்ய இயலாமல்போன முன்னாள் படைவீரரின் மனைவி அல்லது கணவர், இறந்தவரின் மறுமணம் செய்யாத துணைவர், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவருடைய தாய் அல்லது தந்தை ஆகியோரும் பத்து மதிப்பெண் முன்னுரிமை கோரலாம். என் கணவரின் ஊனத்தை வைத்து நான் இப்படித்தான் விண்ணப்பித்தேன். கேட்பதற்குக் கூசிக்கொண்டு மூன்றாண்டுகளைத் தொலைத்தேன்.

இன்னொரு செய்தி. 2010 ஆகஸ்ட் 31க்குப் பிறகு படையில் சேர்ந்தவர்கள், போர்க்களப் பதக்கமோ ஊனமோ இல்லாவிட்டால், பொதுவாக ஐந்து மதிப்பெண் முன்னுரிமையே பெறமாட்டார்கள். நம் பிள்ளைகளில் பலர் அதற்குப் பின் சேர்ந்தவர்கள். பணி செய்தாலே முன்னுரிமை வந்துவிடும் என்று நினைத்து விண்ணப்பித்து மனமுடைந்து போகிறார்கள்.

அகல்விளக்கு, ஏப்ரல் 24

சகோதரி சொன்னதில்தான் வைகைக்கரை அவர்களுடைய சிக்கலின் வேர் இருக்கக்கூடும். உங்கள் டி.டி. 214இல் ஆப்கானிஸ்தான் போர்க்களப் பதக்கம் குறிக்கப்பட்டிருக்கும். எழுத்தர் அந்த ஒரு தாளைப் பார்த்து, பதக்கம் இருக்கிறது என்று டி.பி. என்று பதிந்துவிட்டு, இரண்டு பக்கக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்துக்குப் போகாமலே விட்டிருக்கலாம். இது ஊகம்தான், ஆனால் இப்படி நடந்து நான் கண்டிருக்கிறேன், ஒருமுறை நானே திருத்தியும் இருக்கிறேன்.

அதே பணிக்கு வேறொரு அறிவிப்பும் வெளியானதா என்று விசாரியுங்கள். பல துறைகள் ஒரே பணியிடத்துக்குப் பொதுமக்களுக்கு ஒன்றும், பதவி உயர்வு முறையில் அரசு ஊழியர்களுக்கு ஒன்றுமாக இரண்டு அறிவிப்புகளை வெளியிடும். பதவி உயர்வு முறையில் துறைக்கு வெளியிலிருந்து விண்ணப்பம் ஏற்றால், முன்னுரிமை உடையவர்களும், மூன்றாண்டுகள் முழுநேரப் பணி செய்து நன்னடத்தையோடு விடுபட்டவர்களும் போட்டியிட உரிமை உண்டு. ஆனால் அங்கே உங்களுக்குக் கூடுதல் இடமோ மதிப்பெண்ணோ கிடையாது. வாசலைத் திறக்கும் உரிமை மட்டுமே. துறை அந்தப் பட்டியலிலிருந்து ஆளெடுத்தால், பொதுப் பட்டியலில் நீங்கள் முதலிடத்தில் இருந்தாலும் சட்டமீறல் இல்லை என்று ஃபெடரல் சர்க்யூட் 2007இல் ஜோசஃப் வழக்கில் கூறிவிட்டது. அறிவிப்பையே நியாயமான காரணத்தோடு இரத்து செய்வதும் மீறல் ஆகாது என்று அதற்கு முன்பே, 2003இல் ஏபெல் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

பழையபாசறை, ஏப்ரல் 25

அம்மையார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1010 படிவத்தில் மனக்குறையை எழுதாதீர்கள் தம்பி. என்ன நடந்தது, எந்த நாளில், எந்த அறிவிப்பு எண், எந்த விதி மீறப்பட்டது என்று மட்டும் எழுதுங்கள். படைப்பணிக்காக உங்களை வெறுத்து ஒதுக்கினார்கள் என்று கருதினால் அது 1994ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தின்கீழ் வரும். அதற்குத் தொழிலாளர் துறையைத் தாண்டி நேராகவே வாரியத்துக்குப் போகலாம். இரண்டையும் குழப்பி ஒரே பத்தியில் எழுதியதால் தள்ளுபடியான மனுக்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாரியத்தில் முதல்நிலையில் நீங்கள் காட்ட வேண்டியவை சிலவே: தொழிலாளர் துறையிடம் முறையிட்டு அந்த வழியை முடித்தீர்கள், நீங்கள் முன்னுரிமைக்குத் தகுதியானவர், முன்னுரிமை தொடர்பான ஒரு சட்டமோ விதியோ மீறப்பட்டது என்பதற்குப் பொருளுள்ள குற்றச்சாட்டு இருக்கிறது. இவை இருந்தால் மனுவை ஏற்றுக்கொள்வார்கள். அதன்பின் மெய்ப்பிக்கும் பொறுப்பு உங்களுடையது. முக்கியமான உண்மைகளில் பூசல் இல்லையென்றால், நேரில் விசாரிக்காமல் ஆவணங்களை வைத்தே நிர்வாக நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆகவேதான் ஆவணம் ஆவணம் என்று அடித்துக்கொள்கிறேன்.

வென்றால் உடனே வேலை கிடைத்துவிடும் என்றும் எண்ணாதீர்கள். பெரும்பாலும் அந்தத் தேர்வைச் சட்டப்படி மறுபடி நடத்தும்படி துறைக்கு ஆணையிடுவார்கள். அதில் நீங்கள் தேர்வாகியிருப்பீர்கள் என்று தெரிந்தால் இழந்த ஊதியம் கேட்கலாம். வேண்டுமென்றே மீறியது மெய்ப்பிக்கப்பட்டால் அதற்குச் சமமான கூடுதல் தொகையும் உண்டு.

வைகைக்கரை, ஏப்ரல் 27

இன்று, 55ஆம் நாளில், படிவத்தை இணையவழியே அனுப்பிவிட்டேன். பெற்றுக்கொண்டதற்கான மின்னஞ்சலும் வந்துவிட்டது. எழுதியதில் பாதியை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். வெட்டியது அத்தனையும் ஆற்றாமையால் எழுதியது.

எதிர்க்கேள்வி, ஏப்ரல் 28

என் கருத்து மாறவில்லை. ஆனால் சட்டம் தருவதைச் சரியாகத் தர வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கமே. நல்லபடி முடியட்டும்.

வைகைக்கரை, ஜூன் 30

இடையில் எழுத எதுவும் இல்லாததால் எழுதவில்லை. தொழிலாளர் துறையின் விசாரணையாளர் இருமுறை தொலைபேசியில் பேசினார். நான் விண்ணப்பித்த துறை கோப்புகளை அனுப்பத் தாமதிக்கிறது என்றார். ஜூன் 26உடன் 60 நாள் முடிந்தது. 27 அன்று, மேல்முறையீடு செய்யப்போகிறேன் என்று தொழிலாளர் துறைக்கு எழுத்தில் அறிவித்தேன். அந்த அறிவிப்பின் படியை மனுவோடு இணைக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதை விசாரணையாளரே நினைவூட்டினார். இன்று வாரியத்தின் இணைய முகப்பில் மனுவைத் தாக்கல் செய்தேன்.

நெய்தல், ஜூலை 1

வாரியம் எவ்வளவு நாள் எடுக்கும்? 2017 தொடக்கம் முதல் 2022 மார்ச் வரை போதிய உறுப்பினர்கள் இல்லாமல் வாரியத் தலைமை முடங்கிக் கிடந்ததும், ஆயிரக்கணக்கான மனுக்கள் தேங்கியதும் நினைவிருக்கிறது.

பழையபாசறை, ஜூலை 1

அன்று தேங்கியவை இரண்டாம் நிலை மனுக்கள், சகோதரி. நிர்வாக நீதிபதிகள் தங்கள் முதல்நிலைத் தீர்ப்புகளை அப்போதும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தத் தீர்ப்பு பாதகமாக வந்தால் 35 நாட்களுக்குள் வாரியத்திடம் மறுஆய்வு கேட்கலாம். அதன் இறுதி முடிவுக்கு எதிராக 60 நாட்களுக்குள் ஃபெடரல் சர்க்யூட்டுக்குப் போகலாம். மனு கொடுத்து 120 நாட்கள் ஆகியும் நீதிமன்றத்தில் எதிர்க்கத்தக்க முடிவை வாரியம் தரவில்லையென்றால், வாரியத்தை விட்டுவிட்டு மாவட்ட நீதிமன்றத்தைத் தேர்ந்துகொள்ளவும் வழி உண்டு. அதற்கு வழக்கறிஞர் செலவு வரும் என்பதால் தம்பிக்கு இப்போது அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

வைகைக்கரை, ஆகஸ்ட் 2

நான் விண்ணப்பித்த துறையின் கோப்பு நேற்று வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். 61ஆம் பக்கத்தில் விண்ணப்பதாரர் அட்டவணை இருக்கிறது. பெயர்கள் கறுப்புக் கோட்டால் மறைக்கப்பட்டிருக்க, என் பெயர் மட்டும் தெரிகிறது. அதற்கு எதிரே முன்னுரிமை என்ற கட்டத்தில் டி.பி. என்று இருக்கிறது. வகை என்ற கட்டத்தில் நல்ல தகுதி. அட்டவணையின் உச்சியில், பொது அறிவிப்பின் பட்டியலிலிருந்து தேர்வானவருக்கு எதிரே என்.வி., அதாவது முன்னுரிமை இல்லாதவர் என்ற குறியீடு. 74, 75ஆம் பக்கங்களில் என்னுடைய நலத்துறைக் கடிதம், இரண்டு பக்கமும், நான் ஏற்றிய நாளும் நேரமும் முத்திரையிட்டபடி இருக்கிறது.

அகல்விளக்கு அம்மா அன்று ஊகமாக எழுதியதை அட்டவணையில் அப்படியே பார்த்தபோது சற்று நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

அகல்விளக்கு, ஆகஸ்ட் 2

தேர்வானவர் என்.வி. என்பதுதான் இங்கே உங்களுக்குப் பெரும் பலம். அவரும் முன்னாள் படைவீரராக இருந்திருந்தால், ஒரே வகைக்குள் முன்னுரிமை உடையவர்களில் எவரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், துறை ஓரளவு தப்பித்திருக்கும். இப்போது, உங்களைச் சரியான இடத்தில் வைத்திருந்தால், உங்களைத் தாண்டிப்போக அவர்கள் தனியே காரணம் எழுதி அனுமதி கேட்டிருக்க வேண்டும். 30 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்கள் விஷயத்தில் அந்த அனுமதியைத் துறை தானே கொடுத்துக்கொள்ள முடியாது. மத்திய அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகமே முடிவு செய்யும், உங்களுக்கும் அறிவித்து, மறுமொழி சொல்ல 15 நாள் தர வேண்டும். கோப்பில் அப்படி ஒரு கடிதம் இருக்கிறதா?

வைகைக்கரை, ஆகஸ்ட் 2

இல்லை அம்மா. நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் இருமுறை புரட்டிவிட்டேன்.

பழையபாசறை, ஆகஸ்ட் 3

அப்படியானால் மறுமொழியை நீளமாக எழுத வேண்டாம், தம்பி. 61ஆம் பக்கத்தையும் 75ஆம் பக்கத்தையும் முதல் இரண்டு இணைப்புகளாக வையுங்கள். விதியை ஒரு பத்தியில் சொல்லுங்கள். அனுமதிக் கடிதம் கோப்பில் இல்லை என்பதை அடுத்த பத்தியில் சொல்லுங்கள். விசாரணை வேண்டும் என்ற வரியை மறவாமல் சேருங்கள். அனுப்பிய நாளை இங்கே எழுதிவிடுங்கள், நானும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

வைகைக்கரை, ஆகஸ்ட் 6

இன்று காலை அனுப்பிவிட்டேன், ஐயா. மூன்று பக்கம். செப்டம்பர் 4 அன்று தொலைபேசி வழியாக முன்விசாரணைக் கலந்தாய்வு என்று நிர்வாக நீதிபதியின் ஆணை வந்திருக்கிறது.